குமரி மாவட்டத்தில் ஆங்கில அழுத்தம்: ஒரு வார நாட்குறிப்பு

ஞாயிறு, நாகர்கோவில்

இந்த வாரம் முழுக்கக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கப் போகிறேன். ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில வார்த்தைகளில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் வேலை. கோடை விடுமுறை. பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடப்பதால் வாசகசாலை, சர்ச் ஹால், நூலக மாடி என்று எது கிடைக்கிறதோ அங்கே வகுப்பு. அன்றன்றைக்கு நடந்ததை இரவில் இங்கே எழுதிவிடுகிறேன்.

அழுத்தம் என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் எல்லோரும் 'ஹோட்டல்' என்கிறோம், முதல் அசையில் எடை வைத்து. ஆங்கிலத்தில் அது ஹோ-ˈடெல். எடை இரண்டாவது அசையில். எடை விழுகிற அசை சற்று நீளும், குரல் கொஞ்சம் உயரும், சத்தம் கூடும், அதில் உள்ள உயிரெழுத்து முழுசாகக் கேட்கும். மற்ற அசைகள் சுருங்கிவிடும். அகராதிகளில் எடை விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டிருப்பார்கள். நானும் இங்கே அதே கோட்டைப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஏன் இழுத்து வருகிறேன் என்று கிளம்பும்போதே சக ஆசிரியர்கள் கேட்டார்கள். காரணம் பிள்ளைகளின் வெட்கம். ஆங்கில உச்சரிப்பு என்று ஆரம்பித்தாலே நம் பிள்ளைகள் குனிந்துகொள்கிறார்கள். லண்டனில் ஒருவர் பேசுகிற விதம் சரி, நாம் பேசுகிற விதம் குறை என்று யாரோ அவர்கள் மனதில் எழுதி வைத்துவிட்டார்கள். உண்மையில் உலகத்தில் ஒவ்வொரு மொழியும் வார்த்தையை ஒவ்வொரு விதமாக எடை போடுகிறது. நைஜீரியாவில் ஒரு விதம், ஜப்பானில் ஒரு விதம், தான்சானியாவில் வேறொரு விதம், நம்மிடம் ஒரு விதம். ஆங்கிலத்துக்கும் ஒரு விதம் உண்டு. பல ஊர் வழக்கங்களில் அதுவும் ஒன்று என்று தெரிந்துவிட்டால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். இந்த வாரம் அதை நம்பித்தான் கிளம்பியிருக்கிறேன்.

தங்கியிருப்பது வடசேரி பக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டு மாடியில். ராத்திரி தோசை சாப்பிடும்போது அவர் சொன்னார்: "இங்க உள்ள பிள்ளையளுக்குக் காது நல்லாருக்கும் மக்ளே. 1956 நவம்பர் ஒண்ணாம் தேதிதான் நாங்க தமிழ்நாட்டுல சேந்தோம். அதுக்கு முன்ன திருவிதாங்கூர். வீட்டுல தமிழு, கடையில மலையாளம், கோயில்ல ரெண்டும். ரெண்டு மொழி கேட்டு வளந்த காது எதையும் புடிச்சிரும்." நாளைக்குப் பார்த்துவிடலாம்.

திங்கள், நாகர்கோவில்

பெயரில் ஆரம்பித்தேன். கானாவில் அகான் மக்கள் பிள்ளை எந்தக் கிழமையில் பிறந்ததோ அந்தக் கிழமைக்கு உரிய பெயரை வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் குவாமே, பெண் என்றால் ஆமா. வியாழக்கிழமைப் பையன் யாவ், பெண் யா. 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை அடைந்தபோது தலைமை தாங்கிய குவாமே இங்க்ரூமா சனிக்கிழமைப் பிள்ளை. 1900-இல் பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்து அசாந்தே மக்களைப் போருக்கு அழைத்துச் சென்ற அரசித்தாய் யா அசாந்தேவா வியாழக்கிழமைப் பிள்ளை.

அவ்வளவுதான் சொன்னேன். ஹாலில் இருந்த எல்லோரும் போனை எடுத்து அவரவர் பிறந்த கிழமையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். போன் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் தோளில் தொங்கினார்கள். "மிஸ், நான் வெள்ளிக்கெழம. அப்போ நான் கோஃபியா?" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். ஆமாம் என்றதும் கடைசி வரிசையில் இருந்து ஒருத்தி, "அப்போ கோஃபி அன்னான்னு ஒருத்தரு இருந்தாரே, அவரும் வெள்ளிக்கெழமயா மிஸ்?" என்று கேட்டாள். வேலை அங்கே தொடங்கியது. 1997 முதல் 2006 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவர் அவர். நம் செய்தித்தாள்கள் 'அன்னான்' என்று நெடில் போட்டு எழுதினதால் நமக்கு எடை கடைசியில் போய் நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ˈஆனன், பீரங்கியைக் குறிக்கும் ˈகேனன் என்ற ஆங்கில வார்த்தையோடு ஒத்து ஒலிக்கும். ˈகோஃபி, ˈகுவாமே, ˈஆமா எல்லாமே ஆங்கிலம் பேசுகிறவர் வாயில் முதல் அசையில் எடை வாங்கும். இரண்டு அசை உள்ள ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை அப்படித்தான்: ˈடேபிள், ˈவாட்டர், ˈடீச்சர், ˈமேங்கோ. ஹோ-ˈடெல் விதிவிலக்கு.

ஆனால் அகான் மொழியில் இந்தப் பெயர்களை அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது சுருதி மொழி. குரல் ஏறுவதும் இறங்குவதும்தான் அங்கே கணக்கு. ஒரே மனிதரின் பெயர் அவர் ஊரில் ஒரு விதமாகவும் நியூயார்க்கில் இன்னொரு விதமாகவும் ஒலித்திருக்கிறது, அவர் இரண்டு இடத்திலும் தலைநிமிர்ந்து இருந்திருக்கிறார் என்றேன். பிள்ளைகள் அவரவர் பெயரை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். நான் யாரையும் திருத்தவில்லை.

சாயங்காலம் சுசீந்திரம் போய் தாணுமாலயன் கோயில் இசைத்தூண்களைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே கல்லில் குடைந்த தூண்கள், தட்டினால் வெவ்வேறு சுருதி. கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய், மணக்குடி

பழையாறு கடலில் சேருகிற இடம். பொழிக்கு இந்தப் பக்கம் கீழமணக்குடி, அந்தப் பக்கம் மேலமணக்குடி. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது இரண்டையும் இணைத்த பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. இன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை.

ஜப்பானிய வார்த்தைகளை வைத்து நடத்தலாம் என்று திட்டம். கராத்தே, கரோக்கே, ஒரிகாமி எழுதி வைத்திருந்தேன். சுனாமி என்ற வார்த்தையை இந்த ஊரில் பலகையில் எழுதலாமா என்று முந்தைய நாளே தலைமையாசிரியரிடம் கேட்டேன். "பிள்ளையள்ட்டயே கேளுங்க" என்றார். கேட்டேன். ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்: "எங்க வீட்டு அட்ரஸ்லயே அது இருக்கு மிஸ். சுனாமி காலனி." அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, எழுதினேன்.

ஜப்பானிய மொழியில் அது ட்சு, ந, மி என்று மூன்று சம அளவுத் துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரே நேரம் எடுக்கும். ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்பதும் இந்தத் துண்டுகளின் கணக்குதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று படித்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. ஜப்பானியக் கணக்கில் நெடிலுக்கு இரண்டு துண்டு, சொல்லின் இறுதியில் தனியாக நிற்கும் 'ன்' ஒலிக்கு ஒரு முழுத் துண்டு என்றதும் ஒரு பெண், "நமக்கு மெய்க்கு அரைதானே மிஸ்?" என்று கேட்டாள். அவர்கள் வேறு படி வைத்து அளக்கிறார்கள் என்றேன். நாம் கிலோவில் வாங்குகிற மீனை இன்னொருவர் கூறு வைத்து விற்பதுபோல. அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆங்கிலம் அந்தச் சம துண்டுகளை எடுத்து நடுவில் எடை வைத்துவிட்டது: சு-ˈநா-மி, க-ˈரா-டி. கரோக்கே ஆங்கிலத்தில் கே-ரி-ˈஓ-கி. இதைச் சொன்னதும் ஹாலே சிரித்தது. ஜப்பான்காரர் கேட்டால் என்ன சொல்லுவார் என்று கேட்டார்கள். அவர்கள் ஆங்கில வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்ச் சம துண்டாக வெட்டிக்கொள்வார்கள், கணக்கு நேராகிவிடும் என்றேன்.

அடுத்து நாட்டுப் பெயர்கள். ஜ-ˈபேன், ஆனால் ஜே-ப-ˈனீஸ். ˈசைனா, ஆனால் சை-ˈனீஸ். சு-ˈடான், சூ-ட-ˈனீஸ். ˈகாங்கோ, காங்-க-ˈலீஸ். கடைசியில் 'ஈஸ்' வந்தால் எடையைத் தன் தலையில் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க வரைபடத்தையும் ஆசிய வரைபடத்தையும் தரையில் விரித்து, நாட்டின் மேல் நின்று பெயரைச் சொல்லி, மக்களின் பெயருக்கு ஒரு தாவு தாவ வேண்டும் என்று விளையாட்டு வைத்தேன். இன்னொரு பக்கம் ˈஈஜிப்ட், இ-ˈஜிப்-ஷன் மாதிரி எடையை ஒரு படி தள்ளி வைக்கிறவை. ˈகென்யா, ˈகென்யன் மாதிரி அசையாமல் இருக்கிறவையும் உண்டு. ஒரு மணி நேரத்தில் காங்கோவும் செனகலும் எங்கே இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அழுத்தப் பாடத்துக்குள் புவியியல் இலவசமாக வந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 'ஜப்பானீஸ் ஃபுட்' என்று பின்னால் இன்னொரு சொல் சேர்ந்தால் எடை முன்னால் நகரும் என்பதை இன்றைக்குச் சொல்லவில்லை. அது அடுத்த கட்டம்.

சாயங்காலம் கரையில் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து நிற்கிறார்கள். முன்னால் நிற்கிறவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அசையில் இழுப்பு விழுகிறது. இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் அவர் இரண்டு சொல் சொன்னாலும் நான்கு சொல் சொன்னாலும் அடுத்த இழுப்பு அதே நேரத்துக்கு வந்துவிடுகிறது. சொற்கள் தான் நெருக்கிக்கொள்கின்றன. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'பாய்ஸ் புல் நெட்ஸ்' என்றாலும் 'த பாய்ஸ் ஆர் புல்லிங் த நெட்ஸ்' என்றாலும் ஆங்கிலத்தில் மூன்று இழுப்புதான். 'த', 'ஆர்' எல்லாம் நடுவில் நெருங்கி ஓடும். கருவி வைத்து அளந்தால் இடைவெளி அவ்வளவு துல்லியமாகச் சமமாக இருக்காது என்று மொழியியலாளர்கள் சொல்வார்கள். பேசிப் பழகுவதற்கு இந்த அளவு போதும். கயிற்றைப் பிடித்தபடியே பையன்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லி இழுத்தார்கள். வலையில் சாளையும் கொஞ்சம் நெத்திலியும் வந்தது.

புதன், தக்கலை

இந்த வாரத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள். வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை அடிக்கிற அண்ணாச்சி ஒருவர் வர ஒத்துக்கொண்டிருந்தார். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் முத்தாரம்மன் கொடைகளிலும் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறவர். வில், வீசுகோல், குடம், தாளம், கட்டை எல்லாவற்றுக்கும் நடுவில் உடுக்கை என்ன வேலை செய்கிறது என்று அவரே சொன்னார்: "பாட்டுக்காரரு நிறுத்துற எடத்துல இது பேசணும் டீச்சர். சும்மா சத்தம் போட்டாப் போதாது."

பேசணும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்களிடம் பேசும் மேளம் இருக்கிறது. உடுக்கை மாதிரியே இடை சிறுத்த உடம்பு, இரண்டு பக்கமும் தோல், இரண்டு தோலையும் இணைத்து நீளவாக்கில் நிறைய வார். கையிடுக்கில் வைத்து வாரை அழுத்தினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். வளைந்த குச்சியால் அடிப்பார்கள். யொருபாவும் சுருதி மொழி. மேல், நடு, கீழ் என்று மூன்று நிலை. 'ஒகொ' என்று இரண்டாவது அசையை நடுவில் வைத்தால் கணவன், மேலே ஏற்றினால் மண்வெட்டி, கீழே இறக்கினால் வண்டி. மேளம் இந்த ஏற்ற இறக்கத்தையும் தாளத்தையும் அப்படியே வாசித்துவிடுவதால் கேட்கிறவர்கள் அதை வாக்கியமாகவே புரிந்துகொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மேளம் வாசிக்கிற குடும்பங்களுக்கு ஆயன் என்று தொடங்கும் பெயர்களும் உண்டு.

போனில் படம் காட்டினேன். அண்ணாச்சி வாங்கி உற்றுப் பார்த்தார், விரல் வைத்துப் பெரிதாக்கினார். "வாரு கட்டியிருக்கது நம்ம முறைதான். இவன் கக்கத்துல வச்சு அமுக்குறான், நாம கையில அமுக்குறோம்." தன் உடுக்கையை எடுத்து இடையில் ஓடும் கயிற்றை இடது கையால் இறுக்கியும் விட்டும் வலது கை விரலால் தட்டிக் காட்டினார். உடுக்கை முனகியது, கேள்வி கேட்டது, அதட்டியது. கேரளக் கோயில்களில் வாசிக்கும் இடக்காவும் இதே வேலையைச் செய்கிறது என்று ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான். அவன் வீட்டில் யாரோ வாசிக்கிறார்களாம்.

பிறகு ஆங்கிலத்துக்கு வந்தோம். ˈரெகார்ட் என்றால் பதிவேடு. ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபிரெசென்ட் பரிசு, பிரி-ˈசென்ட் வழங்கு. ˈபெர்மிட் அனுமதிச் சீட்டு; பெர்-ˈமிட் அனுமதி கொடு. ˈஇம்போர்ட், இம்-ˈபோர்ட். ˈஆப்ஜெக்ட் பொருள், அப்-ˈஜெக்ட் மறுத்துப் பேசு. பெயர்ச்சொல்லுக்கு எடை முன்னால், வினைச்சொல்லுக்குப் பின்னால். அண்ணாச்சியிடம் வார்த்தையைக் காதில் சொல்வேன், அவர் உடுக்கையில் வாசிப்பார். பிள்ளைகள் அது பெயரா வினையா என்று கண்டுபிடிக்க வேண்டும். தும்-த என்றால் கையைத் தூக்க வேண்டும், த-தும் என்றால் எழுந்து நிற்க வேண்டும். முதலில் தயங்கினார்கள். அண்ணாச்சி வேகத்தைக் கூட்டினார். வாய் திறக்காமலே வார்த்தை போய்ச் சேர்வதைப் பார்த்ததும் ஹால் அதிர்ந்தது. வெளியே டீக்கடையில் நின்றவர்கள் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பெண் நல்ல கேள்வி கேட்டாள்: "யொருபால சுருதி மாறுனா அர்த்தம் மாறுது. இங்க எடை மாறுனா அர்த்தம் மாறுது. ரெண்டும் ஒண்ணா மிஸ்?" ஒன்றில்லை. யொருபாவில் ஒவ்வொரு அசைக்கும் தனக்கென்று ஒரு சுருதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்கு ஒரு அசைதான் ராஜா. அது நீளும், உரக்கும், உயரும், மற்றவை ஒடுங்கும். சுருதி அதில் ஒரு பங்கு மட்டும். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, இந்த முறை சுருதியை மாற்றாமல் பலமும் நீளமும் மட்டும் மாற்றி வாசித்தார். அப்போதும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். நான் பக்கம் பக்கமாக விளக்கியிருக்க வேண்டியதை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். ரி-ˈபோர்ட், ˈஆன்சர், ˈவிசிட் மாதிரி பெயருக்கும் வினைக்கும் ஒரே இடத்தில் எடை நிற்கிற வார்த்தைகளையும் எழுதிப் போட்டேன். விதி மட்டும் கையில் இருந்தால் போதாது, சந்தேகம் வந்தால் அகராதியில் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான் இருக்கிறது. நேரமில்லை, போகவில்லை.

வியாழன், குலசேகரம்

மேற்கே போகப் போக ரப்பர் தோட்டம். சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. வகுப்புக்கு நான் கொண்டு போனதும் ரப்பர்தான்: ஆளுக்கொரு தடித்த ரப்பர் பேண்ட். இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு வார்த்தையைச் சொல்ல வேண்டும். எடை விழும் அசையில் மட்டும் இழுக்க வேண்டும், மற்ற அசையில் சுருங்க விட வேண்டும். மொழி ஆசிரியர்கள் பல ஊர்களில் செய்வதுதான். ரப்பர் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்தபோது எனக்கே தனி மகிழ்ச்சியாக இருந்தது.

இன்றைய வார்த்தைகள் சாப்பாடு. இந்தப் பக்கம் மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, இல்லாத வீடு இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாகக் கடல் தாண்டி வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மக்கள் பசியைப் போக்க இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக விளைவிப்பது நைஜீரியா. அங்கே துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, வறுத்து காரி என்று பொரபொரப்பான மாவாக்குகிறார்கள். கானாவில் அவித்து உரலில் இடித்து ஃபூஃபூ. நாம் அவித்து மீன்கறியோடு சாப்பிடுகிறோம். "உரல்ல இடிக்கியதா?" என்று ஒரு பையன் வியந்தான். அவன் பாட்டி அவித்த கிழங்கை மசித்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் சேர்த்துக் கிளறுவாராம். ஃபூஃபூவுக்கு வெகு தூரமில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு பெயர். க-ˈசா-வ. டே-பி-ˈஓ-க. ரப்பர் பேண்டை இழுத்து இழுத்துச் சொன்னார்கள். கசாவா என்று மூன்று அசையையும் ஒரே நீளத்தில் சொல்வது பழக்கம் என்பதால், கடைசி அசையில் ரப்பரைத் தளர விடுவது எல்லோருக்கும் சிரமமாக இருந்தது.

அந்தக் கடைசி அசைதான் இந்தப் பாடத்தின் உயிர். எடை எங்கே விழுகிறது என்பதை விட, எடை விழாத அசை எப்படிச் சுருங்குகிறது என்பதுதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடினம் என்று பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டேன். இந்த மாவட்டத்துக்கு அது பொருத்தமானது. மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. உகாண்டாவில் பச்சை வாழைக்காயை இலையில் சுற்றி அவித்து மசித்து மடோகே என்று நாள்தோறும் சாப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வாழைப்பழத்துக்கு உள்ள வார்த்தை மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. அதை எழுதும்போது மூன்று அசையிலும் ஒரே உயிரெழுத்து. சொல்லும்போது ப-ˈனா-ன. நடுவில் மட்டும் முழு ஆ. முதலிலும் கடைசியிலும் வாய் திறந்தும் திறக்காமல் ஒரு மங்கின ஒலி. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வருகிற உயிரொலி அதுதான், அதற்கென்று தனி எழுத்து கிடையாது.

இதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. 'காசு' சொல்லுங்கள் என்றேன். 'பசு' சொல்லுங்கள் என்றேன். இரண்டிலும் 'சு'. பசுவில் உதடு குவிகிறது, முழு மாத்திரை. காசில் உதடு குவியவில்லை, அரை மாத்திரை. குற்றியலுகரம்! பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தியே விட்டான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒன்று வாயில் நடப்பதை அவர்கள் அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள். ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு காசு, பசு, காசு, பசு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தமிழும் ஓர் உயிரைச் சுருக்குகிறது, அதற்குப் பெயரும் அளவும் வைத்திருக்கிறது. எடை விழாத இடத்தில் ஆங்கிலம் அநேகமாக எந்த உயிரையும் சுருக்கும், அவ்வளவுதான் கூடுதல். அதற்குப் பிறகு ப-ˈனா-ன என்று சொன்னபோது முதல் அசை தானாகவே சுருங்கியது. இலக்கண வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் நடக்கின்றன. இரண்டு ஆசிரியர்களும் வருடத்தில் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவோ வேலை மிச்சம். இதை எல்லாத் தமிழாசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளி, மார்த்தாண்டம்

மழை. பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள், அதில் பெரும்பாலும் பெண்கள். என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பாதிக்கு மேல் நர்சிங். பல வீடுகளில் ஏற்கெனவே ஓர் அக்காவோ சித்தியோ வளைகுடாவிலோ இங்கிலாந்திலோ செவிலியராக இருக்கிறார்.

அதனால் ஆஸ்பத்திரி வார்த்தைகளுக்குப் போனோம். இன்-ˈஜெக்-ஷன், இன்-ˈஃபெக்-ஷன், ஆ-ப-ˈரே-ஷன், மெ-டி-ˈகே-ஷன். 'ஷன்' என்று முடிந்தால் எடை அதற்கு முந்தின அசையில். மாறாத விதி என்று நம்பி எடுத்துக்கொள்ளலாம். எ-ˈமெர்-ஜன்-சி. ˈஹாஸ்-பி-டல், ஆனால் ஹாஸ்-பி-ˈடா-லி-டி.

அங்கே உங்களோடு ஒரே வார்டில் வேலை செய்யப் போகிறவர்கள் யார் என்று கேட்டேன். பிலிப்பைன்ஸ் செவிலியர், நைஜீரியச் செவிலியர், கேரளச் செவிலியர். பிலிப்பைன்ஸின் டகாலோக் மொழியில் ˈபூஹாய் என்றால் உயிர், வாழ்க்கை. பூ-ˈஹாய் என்றால் உயிரோடு இருக்கிற. புதன்கிழமை உடுக்கையில் கேட்ட அதே விளையாட்டு. அதனால் ஆங்கில அழுத்தம் அவர்கள் காதுக்குப் புதிதாக இருக்காது. நைஜீரியர் சுருதியால் கேட்டு வளர்ந்தவர், நாம் மாத்திரையால்.

அழுத்தத்தைச் சொல்லித்தரத் தேவையே இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இருவர் பேசிக்கொள்ளும்போது வார்த்தை அழுத்தம் இடம் மாறினால் பெரிதாகக் குழப்பம் வருவதில்லை, மெய்யொலிகளும் குறில் நெடில் வேறுபாடும் அதைவிட முக்கியம் என்று 2000-இல் எழுதினார். உயிர் நீளம் நமக்குக் கைவந்த கலை என்பதால் அதைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் வார்டில் படுத்திருக்கிற நோயாளி ஆங்கிலம் தாய்மொழியானவராக இருந்தால், அவர் காது வார்த்தையை அடையாளம் காண எடையைத்தான் முதலில் தேடும். வலியில் இருக்கிற மனிதரை இரண்டாவது முறை கேட்க வைக்கக்கூடாது. அதற்காகவே இதைக் கற்றுத்தருகிறேன். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்ற ஆசை எனக்குத் துளியும் இல்லை, பிள்ளைகளுக்கும் வர வேண்டாம்.

சனி, கன்னியாகுமரி

எல்லா ஊரிலிருந்தும் வரமுடிந்தவர்கள் வந்தார்கள். வேனில் வரும்போதே மணக்குடிப் பிள்ளைகள் குலசேகரத்துப் பிள்ளைகளுக்குக் காங்கோ விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உடுக்கை அண்ணாச்சியும் கூட வந்தார்.

சுவாஹிலியை இன்றைக்கு வைத்திருந்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய பொதுமொழி. அதன் விதி போல எளிதான விதி கிடையாது: அநேகமாக எந்த வார்த்தையானாலும் கடைசிக்கு முந்தின அசையில் எடை. ச-ˈஃபா-ரி, அதாவது பயணம். செ-ரெங்-ˈகெ-டி. கி-லி-மன்-ˈஜா-ரோ, 5,895 மீட்டர் உயரமுள்ள மலை. ஒரு விதி, வேலை முடிந்தது. "இங்கிலீஷுக்கு ஏன் மிஸ் இப்பிடி ஒண்ணு இல்ல?" என்று கேட்டார்கள். ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்து, பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கூடைகூடையாக வாங்கிச் சேர்த்த மொழி. ஒவ்வொன்றும் தன் ஊர் வழக்கத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் அகராதி.

பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தோம். 133 அடி வள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும், இரண்டையும் இணைக்கிற புதுக் கண்ணாடிப் பாலமும் எதிரே. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது இன்றைய வேலை. அப்போதுதான் பெரிய விவாதம் வந்தது. இந்த ஊர் பெயரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? வடக்கிலிருந்து வந்த பயணிகள் கன்யா-கு-ˈமா-ரி என்று 'மா'வை நீட்டுகிறார்கள். தமிழில் அங்கே குறில், 'ம'. ஒரு கூட்டம், ஆங்கிலத்தில் பேசும்போது கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி எடை வைக்கலாம், கடைசிக்கு முந்தின அசை சுவாஹிலிக்குக்கூடச் சரி என்றது. இன்னொரு கூட்டம் ஒத்துக்கொள்ளவே இல்லை. மார்த்தாண்டத்துப் பெண் சொன்னாள்: "கோஃபி அன்னான் பேர ரெண்டு விதமாச் சொன்னாலும் ரெண்டும் அவரு பேருதானே. நம்ம ஊரு பேர நாம நம்ம மாதிரிச் சொல்லலாம். அவங்களுக்குப் புரியலன்னா திரும்பச் சொல்லலாம்." மணக்குடிப் பையன் எதிர்த்தான்: "எடை வைக்கலாம், நீட்டக்கூடாது." கு-ˈம-ரி. நெடிலாக்காமல், பலமும் சுருதியும் மட்டும் கூட்டி. அண்ணாச்சி அதை வாசித்துக் காட்டினார், சரியாகவே வந்தது. ஆங்கிலக் காதுக்கு எடையுள்ள அசை கொஞ்சம் நீண்டுதான் கேட்கும் என்று சொன்னேன். அவன் மசியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவன் சொன்ன முறையிலேயே கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஊரை அறிமுகப்படுத்தினான். அவர்களுக்கு முதல் தடவையிலேயே புரிந்தது.

இரண்டு அகராதிகளை நாகர்கோவில் வாசகசாலையிலும் ஒன்றை மணக்குடி சர்ச் ஹாலிலும் விட்டுவிட்டு வருகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து வாசிக்க அண்ணாச்சி ஒத்துக்கொண்டிருக்கிறார். பெயர்-வினைப் பட்டியலை நான் தொடர்ந்து அனுப்ப வேண்டும். நர்சிங் போகிற பெண்கள் மருந்துப் பெயர்களின் அழுத்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதைத் தயார் செய்ய மருந்தாளுநர் ஒருவரின் உதவி தேவை. இந்த மாவட்டத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடலாம்.